ஜோக்கரை எந்தப் பிரிவில் வைப்பது?

ஒரு காட்டில் நூலகம் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்கு நூலகம் என்று கேட்கிறீர்களா? ஊரில் இருப்பது எதற்கோ அதற்குத்தான். திறப்பு விழா நடந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், அப்புறம் பூட்டுப் போட்டார்கள்.

அந்தக் காட்டில் மாசிலாமணி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. தங்கமான முள்ளம்பன்றி. குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. இருந்த ஒரே பழக்கம் ரம்மி. அதையும் நாவல்பழம் வைத்துத்தான் ஆடும். பதினோரு வருஷம் ஆடி ஆடித் தோற்றதில், ஜெயிப்பது எப்படி என்று ஒரு நாள் அதற்கு விளங்கிவிட்டது. விளங்கியதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது? தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தொட்டு, எழுத உட்கார்ந்துவிட்டது.

அத்தியாயத்துக்கு ஒரு முள் தேய்ந்தது. இருபத்திரண்டு அத்தியாயம் முடிந்தபோது நடுமுதுகில் சொட்டை விழுந்திருந்தது. 'ரம்மி ஆடுவது எப்படி?' என்று தலைப்பு வைத்து, அட்டையில் ஜோக்கர் படம் வரைந்து, அடியில் தன் பேரையும் எழுதி, அழகாக பைண்டு செய்துவிட்டது.

அதன் மனைவி செங்கமலத்துக்கு ரம்மியிலும் அக்கறை இல்லை, இலக்கியத்திலும் அக்கறை இல்லை. அதற்கு வேறு கவலை.

"என்னங்க, நூலகத்துல புத்தகம் இருந்தா, எழுதினவங்களுக்கு மலை மேல குகை ஒதுக்குறாங்களாமே. போய்க் கேளுங்க."

"குகைக்காகவா நான் எழுதினேன்?" என்றது மாசிலாமணி.

"வேற எதுக்காக எழுதினீங்களோ எனக்குத் தெரியாது. போன ஐப்பசியில ஓடைத் தண்ணி வளைக்குள்ள வந்தப்போ ஒன்பது நாள் கல்லு மேல நின்னோம். ரெண்டு பேரும் பெரியவங்க, நின்னாச்சு. இந்த ஐப்பசிக்குக் கையில பிள்ளை இருக்கும். அதை எங்கே வைப்பீங்க? உங்க தலையிலயா? அங்கேயும் முள்ளுதான் இருக்கு."

அப்போது ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்திருந்தது. செங்கமலத்தின் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே மாசிலாமணி போய் வரிசையில் நின்றது. டோக்கன் எண் நாற்பத்தேழு. பன்னிரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. சர்வர் என்பது ஆலமரத்தில் வலை பின்னும் சிலந்தி. அது சாப்பிடப் போனால் காடே நிற்க வேண்டியதுதான். மூன்று மணிக்குத்தான் மாசிலாமணியின் முறை வந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் உலகநாதன் உட்கார்ந்திருந்தது. உடும்பு. உட்கார்ந்தால் நாற்காலியை விடாது, நாற்காலியும் அதை விடாது. அது விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தது.

"பிரிவுங்கிற கட்டத்தை ஏன் காலியா விட்டிருக்கே?"

"சார், அதுல தத்துவம், வீரர் வாழ்க்கை, கணிதம்னு மூணுதான் இருக்கு. என்னோடது சீட்டாட்டப் புத்தகம்."

"நாலாவது கட்டம் கிடையாது."

"மற்றவைன்னு ஒண்ணு போடக் கூடாதா சார்?"

"மற்றவையை எல்லாம் உள்ளே விட்டா இது நூலகமா, சந்தையா?" என்ற உலகநாதன், புத்தகத்தை உள்ளே தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது.

தேர்வுக் குழு என்றால் யானை அம்பலவாணன்தான். கூட இரண்டு காட்டெருமைகள் தலையாட்டுவதற்கு. அம்பலவாணனுக்குப் படித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் தும்பிக்கையால் தூக்கிப் பார்க்கும். இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தால் தத்துவம். அட்டையில் வேர்வை வழிகிற முகம் இருந்தால் வீரர் வாழ்க்கை. கடைசிப் பக்கத்தில் விடைகள் இருந்தால் கணிதம். இருபது வருஷமாக இப்படித்தான், ஒரு தப்பு நடந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். தப்பைக் கண்டுபிடிக்க யாராவது படித்திருக்க வேண்டுமே!

ஜோக்கர் படத்தைப் பார்த்ததும் அம்பலவாணனுக்குக் காது இரண்டும் விறைத்தன.

"சூதாட்டமா? என் காட்டிலா? குடும்பங்கள் என்ன ஆவது?" என்று பிளிறி, அட்டையைப் பிய்த்து எறிந்தது. மிச்சத்தைப் பறிமுதல் செய்து, "ஆதாரத்துக்கு வேண்டும்" என்று சொல்லிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டது. உலகநாதன் சிவப்பு மையில் மாசிலாமணியின் பேரைக் கறுப்புப் பட்டியலில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டது.

மாசிலாமணி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தது. பதினோரு வருஷம், இருபத்திரண்டு முள்ளு! ஓடைக்கரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதது.

செங்கமலம் கொஞ்ச நேரம் அழ விட்டது. பிறகு, "முதல்ல எழுதின கைப்பிரதி இருக்குல்ல?" என்று கேட்டது.

"இருக்கு. இருந்து என்ன? நாலாவது கட்டம் இல்லையே."

"கட்டத்துக்குள்ள புத்தகம் வரலைன்னா புத்தகத்தை மாத்துங்க. ஒருத்தருக்கு ஒரு விண்ணப்பம்தானே? உங்க பேருதான் கெட்டுப்போச்சே, வேற பேருல போடுங்க. எதுக்கும் மூணு கட்டத்துக்கும் மூணு போடுவோம். ஒண்ணாவது தேறாதா?"

மாசிலாமணி முதலில் தத்துவத்தை எடுத்தது. நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. சீட்டு என்று இருந்த இடத்தில் எல்லாம் பிறவி என்று போட்டது. ஜோக்கரை எடுத்துவிட்டுப் பரம்பொருளை வைத்தது. 'பரம்பொருள் எந்தப் பிறவியின் இடத்திலும் வந்து அமரும். ஆயினும் பரம்பொருளின் துணையில்லாமல் ஒரு வரிசையாவது சேர்க்காதவன் கரையேற மாட்டான்' என்று எழுதிவிட்டு, தானே ஒரு தடவை படித்துப் பார்த்தது. அதற்கே உடம்பு சிலிர்த்தது. முட்பிரகாச அடிகள் என்று கையெழுத்துப் போட்டது.

ஆனால் எடை போதவில்லை. எழுநூறு கிராம்தான் இருந்தது.

"அட்டைக்குள்ள களிமண்ணை வச்சு ஒட்டுங்க" என்றது செங்கமலம். ஒட்டினார்கள். இரண்டேகால் கிலோ வந்தது.

கணிதத்துக்கு அவ்வளவுகூட மெனக்கெடவில்லை. ஐம்பத்திரண்டிலிருந்து பதின்மூன்றை எடுக்கும் வழிகள் எத்தனை என்று ஆரம்பித்து, ஒவ்வொரு பத்திக்கும் அடியில் 'நிறுவுக' என்று சேர்த்தது. கடைசிப் பக்கத்தில் வாய்க்கு வந்த எண்களை வரிசையாகப் போட்டு விடைகள் என்று தலைப்பிட்டது. பேராசிரியர் கூர்மதி எழுதியது என்று ஆயிற்று.

வீரர் வாழ்க்கைக்கு ஒரு வீரர் வேண்டுமே. பழைய கபடி வீரர் காட்டுப்பன்றி கருணாகரனிடம் போய் அனுமதி கேட்டது. "படத்தைப் பெரிசா போடுங்க தம்பி" என்றது கருணாகரன், அவ்வளவுதான். முதல் எட்டுப் பக்கத்தில் ஏழ்மை, தாயின் கண்ணீர், முட்டிக்கால் காயம், கோப்பை. ஒன்பதாம் பக்கத்தில் வீரர் வெளியூர்ப் போட்டிக்கு பஸ் ஏறி, பொழுது போகாமல் சீட்டுக்கட்டை எடுக்கிறார். இருநூறாம் பக்கம் வரை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. எழுதியவர் பேர் வெற்றிக்குமரன்.

புரட்டாசிக் கடைசியில் ஆலமரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றும் தேர்வாகியிருந்தன! அடிகளின் நூலுக்கு 'கனமான படைப்பு' என்று தலைவரின் பாராட்டு வேறு. மலை மேல் மூன்று குகைகள், மூன்று ஆசிரியர்களுக்கு ஒதுக்கீடு.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. செங்கமலத்தையும் மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு, சாவி வாங்க ஜன்னலுக்கு ஓடியது.

"சார், முட்பிரகாச அடிகளுக்கு ஒதுக்கின குகைச் சாவி..."

"அடையாள வில்லையைக் காட்டு" என்றது உலகநாதன். வாங்கிப் பார்த்தது. "இதுல மாசிலாமணின்னு இருக்கு."

"நான்தான் சார் அடிகள். நான்தான் எழுதினேன். முதுகைப் பாருங்க, முள்ளே இல்லை."

"அப்போ கூர்மதி யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

"வெற்றிக்குமரன்?"

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. தலை தானாகக் கவிழ்ந்தது.

உலகநாதன் பேனாவை மூடி வைத்தது. "கறுப்புப் பட்டியல்ல இருக்கிறவன் மூணு பொய்ப் பேருல மூணு கையெழுத்து. ஒரு கையெழுத்துக்கு ஒரு வருஷம். எழுதிக்கட்டுமா? இல்லை, நீ அவங்களுக்கு வேண்டப்பட்டவன், விசாரிக்க வந்தேன்னு எழுதிக்கட்டுமா?"

"வேண்டப்பட்டவன் சார்."

"அப்படிச் சொல்லு. அவங்க நேர்ல வர்ற வரைக்கும் மூணு குகையையும் பூட்டி வைப்போம்."

மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. முதல் துளி மாசிலாமணியின் சொட்டையில்தான் விழுந்தது. ஒரு குகை இல்லை, மூன்று குகை, மூன்றும் அதன் மூளையால் வந்தவை. அத்தனையும் காலியாகக் கிடக்க, பிறக்கப்போகிற பிள்ளை தண்ணீரில் நிற்க வேண்டுமா?

செங்கமலம் ஜன்னலருகே வந்தது. "ஏனுங்க சார், பூட்டி வச்சா கரையான் புகுந்துடுமே. நாளைக்கு அடிகள் வந்து பார்த்தா உங்களைத்தானே கேட்பாரு? காவலுக்கு ஆள் போட்டிருக்கீங்களா?"

உலகநாதன் முதல் முறையாக நாற்காலியில் அசைந்தது. "போடலை. ஆனா அதுக்கு விண்ணப்பம் இருக்கு. ஒரே பக்கம்தான், பேரு, கறுப்புப் பட்டியல் எல்லாம் பார்க்கிறதில்லை. காவலாளி குடும்பத்தோட குகை முன்பக்கத்துல தங்கிக்கலாம்."

"போடுங்க சார், இவரு இருப்பாரு."

"ஒரே ஒரு நிபந்தனை. காவலாளிக்கு எழுதப் படிக்கத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உள்ளே இருக்கிற காகிதத்தை எல்லாம் நோண்டுவான்." உடும்பு மாசிலாமணியை நேராகப் பார்த்தது. "உனக்குத் தெரியுமா?"

மழை வலுத்தது. செங்கமலம் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது.

"தெரியாது சார்" என்றது மாசிலாமணி.

மைப்பெட்டி வந்தது. இருபத்திரண்டு அத்தியாயம் எழுதிய விரலில் உலகநாதன் மையைத் தடவி, காகிதத்தில் அமுக்கி, இடமும் வலமும் உருட்டி எடுத்தது. ரேகை தெளிவாக விழுந்திருந்தது. ஐந்தே நிமிஷத்தில் சாவி கைக்கு வந்தது. சிலந்திகூடச் சாப்பிடப் போகவில்லை.

ஐப்பசியில் ஓடை வழக்கம்போல் வளைக்குள் புகுந்தது. அடிகளின் குகையில் செங்கமலத்துக்குப் பெண்குட்டி பிறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் படவில்லை. வாசலில் 'முட்பிரகாச அடிகள், தத்துவ ஞானி' என்று பலகை தொங்கியது. அதன் கீழே மாசிலாமணி கம்பு பிடித்து நின்றது.

கார்த்திகை மாதம் தேர்வுக் குழுக் கூட்டம் நடத்த அமைதியான இடம் வேண்டும் என்று யானை அம்பலவாணன் காட்டெருமைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது.

"அடிகள் இருக்காராப்பா?"

"யாத்திரை போயிருக்காருங்க ஐயா."

"ஞானின்னா அப்படித்தான் இருக்கணும்" என்று உருகிய அம்பலவாணன், உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு சீட்டுக்கட்டை எடுத்தது. காட்டெருமைகள் தலையாட்டின. ஆட்டம் ஆரம்பித்தது. மாசிலாமணி தேநீர் கொண்டுபோய் வைத்தபோது பார்த்தது: அம்பலவாணன் கையில் ஜோக்கர் இருந்தது. அதைக் கீழே போடத் தும்பிக்கை நீண்டுகொண்டிருந்தது. பதினோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"ஐயையோ, ஜோக்கரைப் போடாதீங்க ஐயா!"

"உனக்கென்னப்பா தெரியும் இதெல்லாம்? எழுதப் படிக்கத் தெரியாத ஆளு நீ" என்ற அம்பலவாணன், காதுக்குப் பின்னாலிருந்து அட்டை இல்லாத ஒரு புத்தகத்தை உருவியது. பக்கங்கள் தும்பிக்கை பட்டுக் கறுத்து, ஓரங்கள் மடங்கி, ஆசையோடு படித்துப் படித்து நைந்து போயிருந்தது. ஆறாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்த யானை சட்டென்று தும்பிக்கையை இழுத்துக்கொண்டது. "அட, ஜோக்கரைப் போடாதேன்னுதான் இதுலயும் இருக்கு! வாங்கின புத்தகத்துல நான் முழுசாப் படிச்சது இது ஒண்ணுதான். எழுதினவன் மேதைப்பா! அட்டை எங்கேயோ கிழிஞ்சு போச்சு, பேரு தெரியலை. தெரிஞ்சா குகை என்ன, இந்த மலையையே எழுதிக் கொடுத்திருப்பேன்."

மாசிலாமணியின் வாய் திறந்தது. முன்பக்கத்தில் செங்கமலம் திரும்பிப் பார்த்தது. அதன் மடியில் குட்டி, காய்ந்த சருகின் மேல், உலர்ந்த முள்ளோடு தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"அப்படிங்களா ஐயா" என்று சொல்லிவிட்டு, மாசிலாமணி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது.

நீதி: எழுதத் தெரிந்தவர் புத்தகம் போடலாம். மழையில் நனையாமல் இருக்க வேண்டுமானால் கைநாட்டுத்தான் போட வேண்டும்.