உன் அம்மாவின் பஸ் கார்டு

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி ஹரிஷங்கருக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு நானும் பிரஷர் மாத்திரையும் ஒருவரை ஒருவர் பிரியாமல் க்ஷேமம். பெங்களூரில் நீ, நீது, குழந்தை எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பத்மநாபசுவாமியை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இவ்வளவு போதும், இனி சண்டை.

அம்மா போன பிறகும் அவள் கார்டில் எவனோ பஸ் ஏறுகிறான், கணக்கில் பார்த்ததும் பாங்கில் சொல்லி நிறுத்திவிட்டேன் என்று காலையில் போனில் பெருமையாகச் சொன்னாய். அந்த எவனோ நான்தாண்டா. போனை வைத்த கையோடு இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றுப் பாளையம் வாசகசாலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கார்டை மெஷினில் தொட்டேன். கண்டக்டர் ரதீஷ், தினம் பார்க்கிறவன், "மாமா, இது பிளாக்காணல்லோ" என்றான். துடைத்துத் தொட்டேன், திருப்பித் தொட்டேன், ஆஸ்பத்திரி கார்டைத் தொட்டேன், ரேஷன் கார்டையும் விடவில்லை, எதற்கும் மெஷின் மசியவில்லை. "கையில காசு உண்டோ?" என்றான். உண்டு என்றேன். "பின்னே எந்தா மாமா?" என்றான். காசு கொடுத்தால் என் ஆத்துக்காரிக்குத் தெரியாதேடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆரியசாலையில் மல்லி, மிளகாய் வற்றல் கடை வைத்திருக்கும் தங்கபாய் பின்சீட்டிலிருந்து, "பொண்டாட்டிக்கு இம்புட்டுப் பயப்படுத ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள், பஸ் முழுக்கச் சிரிப்பு. அவள் போய் எட்டு மாசமாச்சு என்றேன். தங்கபாயே எனக்கு டிக்கெட் எடுத்துக் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாம் உன் கைங்கரியம்.

உனக்குத் தெரியாது, அது உன் அம்மா பண்ணின ஏற்பாடு. நான் பேச்சில் உட்கார்ந்து நேரம் தப்பி வருகிறேன், சாதம் ஆறிப்போகிறது என்று தன் கார்டை என்னிடம் கொடுத்து, "பஸ்ஸில இதைத் தொடுங்கோ, எனக்கு மெசேஜ் வரும், அப்பறம் அரிசி களையறேன்" என்றாள். நான் கிழக்கேகோட்டையில் இறங்கி நடந்து வந்து கால் அலம்பவும் சாதம் வெந்து இறங்கவும் சரியாக இருக்கும். இப்போதும் அவள் போனை சார்ஜ் போட்டு அரிசி டப்பா மேலேதான் வைத்திருக்கிறேன். வந்ததும் மெசேஜை நானே படிப்பேன், பிறகு நானே அரிசி களைவேன், சாப்பிட மூன்று மணி ஆகும், ஆகட்டுமே, நான் பஸ் ஏறின விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டதல்லவா. நேற்று வந்து பார்த்தால் போனில் ஒன்றும் இல்லை. ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது, ஹரி. அடுப்புப் பக்கமே போகவில்லை.

ஆகவே பாங்கில் பேசி அந்தக் கார்டை உடனே திறந்துவிடச் சொல். இதற்காக நீ லீவு போட்டு வரவேண்டாம், சாப்பிட்டாச்சா என்று தினம் விசாரிக்கவும் வேண்டாம். எனக்கு யார் துணையும் தேவையில்லை. நீதுவுக்கும் குழந்தைக்கும் மட்டும் என் ஆசிகள். உனக்கு, என் கோபம் ஆறின பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அந்த எவனோ

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் பாங்குக்குப் போய் வந்தேன். மேலே கேட்டது வேண்டாம். என் பெயரிலேயே ஒரு கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெசேஜ் போக ஒரு நம்பர் கேட்டார்கள், உன்னுடையதைக் கொடுத்திருக்கிறேன். தினம் பன்னிரண்டரை மணிவாக்கில் வரும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்தால் போதும்.