சாம்பல் பட்டனும் சிவப்புத் திரையும்

வீட்டில் தனக்கென்று சொல்லிக்கொள்ள வெப்சைட் டிசைனருக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறை. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்தார். கைவிட்டுப் போனது உயிர் அல்ல, அறைதான்.

அவர் மனைவி தையல்காரி. சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் தையல் மெஷினைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். துணியை விரித்தால் ஒரு முனை மடியில் இருக்கும், மறுமுனை வாளியில் இருக்கும்.

"ஏங்க, எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்க. அதுல ஆர்டர் வந்துச்சுன்னா முன் ரூமை எனக்கு விட்டுடணும்."

"வரலேன்னா?"

"அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

டிசைனர் மனசுக்குள் குத்தாட்டம் போட்டார். வேலையைக் கையில் வைத்திருப்பவர் அவரல்லவா?

ஒரே ராத்திரியில் வெப்சைட் தயார். மேலே பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு ஊசியின் படம். அதன்மேல் கன்னங்கரேலென்று கொட்டை எழுத்தில், 'ஊசியும் நூலும் உறவாடும் இடம்.' ஆர்டர் கொடுக்கிற பட்டனை மட்டும் அடிமூலையில், வெள்ளைமேல் வெளிறிய சாம்பலில், எறும்பு சைஸில் வைத்தார். பட்டன் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்வேர்டாக வழக்கம்போலக் கல்யாண நாளைப் போட்டார். அந்தத் தேதியை ஒரு வருஷம் மறந்து பட்ட பாட்டுக்குப் பிறகு, அவருடைய பாஸ்வேர்டு எல்லாமே அதுதான்.

வாரம் ஓடியது. ஆர்டர் வரவில்லை. மனைவி எதிர்வீட்டு டீச்சரைக் கூட்டிவந்து வெப்சைட்டின் முன்னால் உட்கார வைத்தாள்.

"ஊசி அழகா இருக்கும்மா. அமுக்கினா ஒண்ணும் வரலியே?"

"கீழ போய்ப் பாருங்க டீச்சர்."

"கீழ ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு" என்று டீச்சர் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து ஸ்கிரீனைத் துடைத்தார். பட்டன் போகவில்லை. டீச்சர் போய்விட்டார்.

"ஏங்க, அது ஏன் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது?"

டிசைனருக்கு ஒரு பலவீனம். தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் வாயை மூடத் தெரியாது.

"கண்ணு ஒரு சோம்பேறி. எது பெருசா, அடர்த்தியா, சுத்தி இருக்கறதோட ஒட்டாம நிக்குதோ அதுமேலதான் முதல்ல விழும். அதுதான் கான்ட்ராஸ்ட். பார்வைக்கும் ஒரு எடை இருக்கு. ஒண்ணை மறைக்கணும்னா பூட்டி வைக்க வேண்டியதில்லை. இன்னொண்ணைப் பளிச்சுன்னு எதிர்ல நிறுத்தினாப் போதும்."

"மறைக்கணும்னா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க" என்று அவள் எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து முன்னறை வாசலில் ஒரு திரை தொங்கியது. மேலிருந்து தரைவரை ரத்தச் சிவப்பு. சுற்றிலும் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, எல்லாம் டிசைனரே பார்த்துப் பார்த்து அடித்த வெள்ளை. நடுக்கூடத்தில் தீயணைப்பு வண்டி வந்து நிற்பது போல இருந்தது.

"என்ன இது?"

"திரை."

"அது தெரியுது. கண்ணு வேற எங்கயும் போக மாட்டேங்குதே."

"அப்படியாங்க?"

காலைச் சாப்பாட்டில் திரையைத் திட்டினார். மதியமும் திட்டினார். ராத்திரி, "அது தொங்கற வரைக்கும் அந்த ரூம்ல காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று முழங்கிவிட்டுத் தன் மேசையைத் தானே இழுக்க ஆரம்பித்தார்.

மனைவி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க இஷ்டங்க. பின்னாடி சந்துல உக்காருங்க. என் மெஷினை நான் வேற எங்கயாவது நகர்த்திக்கறேன்."

டிசைனர் உருகிப்போனார். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? மெஷின் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

சந்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை தாண்டி, கூடம் தாண்டி, நேர் எதிரே சிவப்பு. தலை நிமிர்ந்த போதெல்லாம் அதை முறைத்தார். நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம். 'இந்த வாஷிங் மெஷினுக்கு ஓய்வே கிடையாதா' என்று பல்லைக் கடித்தாரே தவிர, முதுகுக்குப் பின்னால் இருந்த அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை மனைவி வந்தாள். "நீங்கதான் ஜெயிச்சீங்க. திரையைக் கழட்டிட்டேன்."

லேப்டாப்பை வெற்றிக்கோப்பை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு டிசைனர் முன்னறைக்கு நடந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலோரம் தையல் மெஷின். அவர் மேசை இருந்த இடத்தில் துணி வெட்டும் பலகை. மூலையில் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் எதிர்வீட்டு டீச்சர், சிவப்புத் திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் திரையைத் தொங்கவிட்டு மடிப்பு படிஞ்சாத்தான் குடுப்பேன்னுட்டா உங்க வீட்டம்மா. தையல் பிரமாதம். வெப்சைட்ல ஆர்டர் குடுக்கறதும் இப்ப சுலபமா இருக்கு."

டிசைனர் மனைவியைப் பார்த்தார். "அந்தப் பட்டன்..."

"பெருசாக்கி, அதே சிவப்பு அடிச்சிட்டேன். பட்டன் வைக்கறது என் தொழில்தானேங்க?"

"பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம கல்யாண நாளை நான் மறப்பேனா?"

டிசைனர் விடவில்லை. கடைசியாக ஒரு நியாயம் கேட்டார். "இங்க உக்காந்து தைச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? நாள் பூரா நான் கேட்டதெல்லாம் அந்த வாஷிங் மெஷின் சத்தம்தானே?"

"அது ரிப்பேராகி ஒரு வாரமாச்சுங்க. ஆள் வருவார், உங்க மேசையைக் கொஞ்சம் ஒதுக்கி வழி விடுங்க."