புக்வா மேட்டில் கோஸ்சாறு காத்த காதை

வாழ்க ராதோய்க்கோ! பனிப்பகை கடிந்தோன், செம்மஞ்சள் லாரியேறி நெடுஞ்சாலை புரப்போன், நிக்கோலா திருநாள் விருந்தில் பதினோரு கோப்பை ரக்கியாச் சாராயத்தை வென்றோன், மறுநாள் காலை தன் தலையைத் தானே தூக்கமாட்டாதோன், அவன் புகழ் பாட என் நாவுக்குத் தெம்பு வருவதாக!

கேளீர். ஆண்டுதோறும் பனியுருக்க மூட்டை மூட்டையாய்க் கொட்டிய கல்லுப்பு, சாலையோரப் பிளம் மரங்களைக் கருக்கியது. பிளம் இன்றேல் ரக்கியா இல்லை. ரக்கியா இன்றேல் இவ்வூருக்கு வாழ்வே இல்லை. ஆதலின், முட்டைக்கோஸ் ஊறிய புளிச்சாற்றைத் தெளிப்போம், பனியும் உருகும் மரமும் பிழைக்கும் என்று ராதோய்க்கோ முழங்க, சாலைத்துறை மேலிடம் ஒரேயொரு சோதனைக்கு இசைந்தது. திருநாளுக்கு மறுநாள் காலை எட்டு மணிப் பேருந்து வழுக்காமல் புக்வா மேடேறினால் இனிச் சாறு. வழுக்கினால் மறுபடி உப்பு. ஊரார் உணர்ச்சிவசப்பட்டு, வீட்டுப் பீப்பாய்களையெல்லாம் அவன் லாரித் தொட்டியில் கவிழ்த்தனர். விருந்துக்கு மறுநாள் மப்புத் தெளியக் குடிப்பதும் அதே சாற்றைத்தான் என்பது, ஐயகோ, ஒருவருக்கும் நினைவு வரவில்லை!

அந்த மறுநாள் காலை ஏழரை மணிக்கு, கண்சிவந்த பெரும்படையொன்று குவளையேந்தி லாரியைச் சூழ்ந்தது. படைமுகத்தில் தபால்காரர் விதோசாவ்.

"டேய் ராதோய்க்கோ, அது எங்க வீட்டுச் சாறுடா! ஒரே ஒரு குவளை குடு, மண்டை பொளக்குது."

"மண்டை நாளைக்குச் சரியாயிடும் அண்ணே. மரம் செத்தா திரும்பி வருமா? தள்ளுங்க!"

"அடேங்கப்பா, பேச்சைப் பாரு!" என்றாள் ரொட்டிக்கடை ஸ்தாமேனா. "நேத்து மேசைக்கடியில பாடிக்கிட்டுக் கிடந்தவன்தானே நீ!"

மூண்டது போர். குழாயைப் பற்றினோர் சிலர், தொட்டிமேல் தொற்றினோர் சிலர், சக்கரத்தடியில் குவளையோடு படுத்தோர் சிலர். அத்தனை பேரையும் துடைப்பத்தால் விலக்கி, மூக்கருகே மணந்த சாற்றுக்குத் தன் நாவும் ஊறத் தன் நெற்றியும் தெறிக்க, 'ஒரு மடக்கு' என்று கெஞ்சிய தன் தொண்டையையும் அதட்டி, வளைவு வளைவாய்க் கடைசித் துளிவரை சாலைக்கே வார்த்தான் மாவீரன்.

எட்டு மணிக்குப் பேருந்து உறுமிக்கொண்டு மேடேறி நின்றது.

"ரோடெல்லாம் ஒரே கோஸ் வாடைடா!" என்று கத்தினார் ஓட்டுநர். "ஆனா டயர் ஒரு விரக்கடை நழுவலை!"

பிழைத்தன பிளம் மரங்கள்! மண்டைவலி மறந்து ஆர்ப்பரித்தது தோற்ற படை. வென்றவனோ மெல்லத் தொட்டிக்குப் பின்னே சென்று, சட்டைக்குள் ஒளித்திருந்த குவளையைக் குழாயடியில் பிடித்தான். ஒரு சொட்டும் விழவில்லை. வீட்டுப் பீப்பாய் நினைவுக்கு வந்தது. ஊருக்கே வழிகாட்ட, முதலில் கவிழ்த்தது அதைத்தான்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவனுக்குத் தலை வலித்தது.