ஷரத்து அண்ணன் போட்ட திருத்தம்

இந்தத் தேசத்தில் சட்டத்தை முழுசாக நம்புகிற ஒரே மனிதர் வடசேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நீதிபதிகள்கூட அவருக்கு அடுத்துதான். ரேஷன் கார்டில் என்ன பெயரோ, ஊருக்கு அவர் ஷரத்து அண்ணன். சட்டத்தின் உட்பிரிவைத்தான் ஷரத்து என்பார்கள். அது இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. நகலெடுக்க வரும் தீர்ப்புகளை மெஷின் ஓடுகிற நேரத்தில் வாசித்தே தேறியவர். கோர்ட்டுக்கு நேரமாகிறதென்று வக்கீல் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். இவர் நிமிராமல், "இரும் வேய், பன்னிரண்டாம் பாரா நல்லா இருக்கு" என்பார்.

தினமும் காலையில் இணையத்தில் ஒரு பதிவு எழுதுவார். நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்து முதல் உச்ச நீதிமன்றம் வரை எல்லோருக்கும் அதில் தீர்ப்பு உண்டு. ஒருமுறை அவர் மனைவி, எங்கள் மைனி, வைத்த தீயல் குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று. 'மனுதாரர் கணவர், எதிர்மனுதாரர் மனைவி' என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதிவிட்டார். மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு.

பதிவின் உச்சியில் எப்போதும் 'திருத்தம்' என்றொரு கட்டம் இருக்கும். தன் பிழைகளைத் தானே கொட்டை எழுத்தில் அங்கே போடுவார். கேட்டால், "தப்பத் தலையில வைக்கணும் வேய். காலடியில வச்சா ஆரு குனிஞ்சு பாப்பா?" என்பார்.

இனி செல்வமேரி. கடற்கரையிலிருந்து வந்து சந்தை முனையில் வருடக்கணக்காக மீன் விற்கிறவள். அந்த முனையைக் காலி செய்யச் சொல்லி அவளுக்கு மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஷரத்து அண்ணனோ அசல் சைவம். மூக்கில் துண்டு கட்டாமல் அந்த முனையைக் கடந்தவரில்லை. ஆனாலும் தேடித்தேடி ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்து, பதிவிலும் போட்டு, நகலெடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதக் காட்டு மேரி. ஒருத்தனும் உன்ன எழுப்ப முடியாது."

அவள் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மாநகராட்சி ஆபீசில் நடக்கவிருந்த விசாரணைக்கு முந்தின மத்தியானம் அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"வேய், கெட்டுது காரியம். அந்தத் தீர்ப்ப மேல்கோர்ட்டுல ரத்து பண்ணியாச்சு. நான் கவனிக்கல்ல."

"ஆபீசுல ஆருக்காவது தெரியுமா?"

"தெரிஞ்ச மாதிரி இல்ல."

"அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரும்!"

போனை வைத்துவிட்டார். பத்தே நிமிடத்தில் பதிவின் உச்சியில் ஏறிவிட்டது: 'திருத்தம்: மீன் சந்தை பற்றி நான் எழுதியது தவறு.' எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது, மனிதருக்குத் திருத்தம் கேட்கிறது!

மறுநாள் விசாரணையில் அதிகாரி அந்த நகலைப் புரட்டி, திருப்தியாகத் தலையாட்டினார். செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போது பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார்.

"ஐயா, அது இப்பச் செல்லாது."

செல்வமேரி திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க எனக்க ஆளா, அவருக்க ஆளா?"

அதிகாரிக்கே ஒன்றும் புரியவில்லை. "இத ஏன் என்கிட்ட வந்து சொல்லுதீங்க?"

"நீங்களும் தப்பா உத்தரவு போடப்பிடாதுல்லா?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். தெருவோர வியாபாரிகள் சட்டம். முந்தின மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு அட்டைக்கு அட்டை படித்திருக்கிறார். "வியாபாரிகளக் கணக்கெடுத்து முடிக்காம ஒருத்தரையும் எழுப்பப்பிடாதுன்னு இதுல ஷரத்து இருக்கு. இஞ்ச கணக்கெடுப்பு முடிஞ்சுதா ஐயா?"

முடியவில்லை. இந்த ஷரத்தும் ரத்தாகியிருக்குமோ, வக்கீலிடம் கேட்டுவிடலாமே என்று குமாஸ்தா இழுத்தார்.

"செல்லாததச் செல்லாதுன்னு அவரே வந்து சொல்லுகாரு. செல்லும்னு சொன்னா செல்லும் வேய்" என்று அதிகாரி நோட்டீசை நிறுத்திவைத்தார்.

வாயைப் பொத்தச் சொன்னவன் நான். அந்த அறையில் எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். அதற்கும் ஒரு ஷரத்து சொல்வாரே என்றுதான் விட்டேன்.

மறுநாள் செல்வமேரி நெய்மீனோடு கடைக்கே வந்துவிட்டாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "அன்பளிப்பு பத்தி ஷரத்து என்ன சொல்லுதுன்னா…" என்று அவர் ஆரம்பிக்க, "சவத்த விடுங்கண்ணே" என்று மீனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நல்ல மீன்.

இப்போது அண்ணன் கண் ஆபரேஷன் முடிந்து நெய்யூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு மாதம் எதையும் படிக்கக்கூடாது, போனையும் பார்க்கக்கூடாது. கடை சாத்திக் கிடக்கிறது, பதிவும் அப்படியே நிற்கிறது. நான் சந்தை முனையைத் தாண்டும்போதெல்லாம் செல்வமேரி, "அண்ணன் எப்ப வருவாரு?" என்கிறாள்.

இந்தக் கட்டுரையை மைனி அவருக்கு வாசித்துக் காட்டுவாள். வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைத்திருக்கிறேன். அதைச் சொல்லவாவது அவர் எனக்குப் போன் போட வேண்டும்.