மகாராணியின் ஆண் சான்றிதழ்

இதில் ஒரு எழுத்து பொய் என்றால் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே உதிரட்டும். எல்லாம் நடந்தது. கூண்டுக்காரரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் இருபது வருஷமாகக் கூண்டுக்காரராகவே இருக்கிறார்.

முயல்கள் போதிய அளவு பெருகவில்லை என்று அரசாங்கம் பெரிதும் கவலைகொண்டது. ஆணையும் பெண்ணையும் ஒரு நிமிஷம் சேர்த்து விட்டால் மாசம் முடிந்ததும் எட்டுக் குட்டி போடுமே, அதே முயல்கள்தான். ஆனால் அப்படிப் பெருகுவதில் அரசாங்கத்தின் பங்கு ஒன்றுமில்லையே. ஆகவே முயல் பெருக்க ஆய்வு நிலையம் திறக்கப்பட்டு, அதற்கு ஓர் இயக்குநர், ஒரு டாக்டரம்மா, ஒரு கூண்டுக்காரர், நாற்பது முயல், நானூறு வகைப் படிவம் ஆகியவை வழங்கப்பட்டன.

முறை இதுதான். உயர்ரகப் பெண் முயலுக்கு மூன்று நாள் ஊசி போடுவார்கள். எட்டு முட்டை விடுகிற உடம்பு முப்பது விடும். அதை நல்ல ஆணோடு சேர்த்து, மூன்றாம் நாள் வயிற்றைத் திறந்து கருக்களைக் கழுவி எடுப்பார்கள். எடுத்ததை நாலு சாதாரண முயல்களின் வயிற்றில் வைப்பார்கள். அந்த நாலும் தங்களைச் சினை என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை ஊட்டுவதற்கு, விந்துக்குழாய் வெட்டப்பட்ட ஓர் ஆண் உண்டு. அதோடு சேர்ந்தால் நம்பிக்கை வரும், குட்டி வராது. வயிறு திறக்கப்பட்ட முயல் மட்டும் கூண்டுக்குத் திரும்பாது. கோப்பில் அதற்குக் ‘கொடையாளர்’ என்று பெயர்.

நிலையத்தில் ஆண் முயல் இரண்டு. நல்ல ஆணுக்கு மாப்பிள்ளை என்றும், வெட்டுப்பட வேண்டியதற்குச் சாமியார் என்றும் கூண்டுக்காரர் பெயர் வைத்திருந்தார். அறுவை நடந்த அன்று கூண்டுகளுக்குப் பெயின்ட் அடித்ததில் இரண்டும் இடம் மாறியிருந்தன.

“அம்மா, இது மாப்பிள்ளைங்க. சாமியார் அந்தப் பக்கம் இருக்கு.”

“கூண்டு நம்பர் ரெண்டுதானே?”

“நம்பர் ரெண்டுதாங்க. ஆனா முயல் வேற.”

“கோப்புல ரெண்டுன்னுதான் இருக்கு.”

மாப்பிள்ளை வெட்டுப்பட்டது. பெயின்ட் காய்ந்ததும் இரண்டும் பழைய கூண்டுக்குத் திரும்பின. இரண்டாம் கூண்டில் மலட்டுச் சான்றிதழ் தொங்கியது. அதன் கீழே சாமியார், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் புல் மென்றுகொண்டிருந்தது.

முதல் கொடையாளர் ஒரு வெள்ளை முயல். மாப்பிள்ளையோடு சேர்த்து, திறந்து, முப்பத்திரண்டு எடுத்தார்கள். டாக்டரம்மா நுண்ணோக்கியில் பார்த்தார். ஒன்றுகூடக் கரு இல்லை. அத்தனையும் வெறும் முட்டை. ‘கரு முப்பத்திரண்டு’ என்று எழுதினார் இயக்குநர். சாமியாரோடு சேர்ந்திருந்த நாலு சாம்பல் முயல்களில் அவற்றை வைத்தார்கள். ஒரு மாசத்தில் முப்பத்துமூன்று குட்டி பிறந்தது. முப்பத்துமூன்றும் சாம்பல்.

“வெற்றி நூற்றுக்கு நூற்று மூன்று,” என்றார் இயக்குநர். கூடுதலாக வந்த ஒன்று, ஊழியர்களின் அர்ப்பணிப்பு. நிறம் மாறியது, வளர்ப்புத் தாயிடம் குட்டிகள் காட்டிய மரியாதை.

பத்திரிகையில் படம் வந்தது. பெரிய வீடுகளில், “உங்க முயல் கருமாற்றா, சும்மா பிறந்ததா?” என்று விசாரிப்பது நாகரிகமாயிற்று. சும்மா பிறந்ததை வைத்திருந்தவர்கள் விருந்தாளி வந்தால் அதைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள்.

அடுத்த கொடையாளராக மகாராணி தேர்வானது. தாய் கைவிட்ட குட்டியாக இருந்த அதை, கூண்டுக்காரர் சொட்டுக்குழாயில் பால் கொடுத்து, சட்டைப் பையில் வைத்துச் சூடு காட்டி வளர்த்திருந்தார். மனிதர் இயக்குநரிடம் ஓடினார்.

“ஐயா, அதோட வயித்தைத் திறந்து ஒரு பிரயோசனமும் இல்லீங்க. அந்த முப்பத்துமூணுக்கும் சாமியார்தான் அப்பன்.”

“சாமியார் மலடு. சான்றிதழ் இருக்கு.”

“ஒரு தடவை புரட்டிப் பாருங்களேன். தையல் தழும்புகூட இல்ல.”

“முத்திரை போட்டப்புறம் புரட்டிப் பார்க்கிறது ஒழுங்கீனம்யா.”

வராந்தாவில் டாக்டரம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்கும் தெரியும்ணே. ஆனா கட்டுரை அச்சாயிடுச்சு. இனிமே முயல்தான் திருத்திக்கணும்.”

அப்போதுதான் கூண்டுக்காரருக்குப் புத்தி தெளிந்தது. இங்கே உயிர் கூண்டில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. மறுநாள் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தார்: மகாராணி என்னும் முயல் மறுபரிசோதனையில் ஆண் எனவும், அதிலும் மலடு எனவும் தெரியவந்துள்ளபடியால், தக்க சான்று வழங்கிட வேண்டுகிறேன்.

“யார்யா பரிசோதிச்சது?”

“படிவத்துலயே ‘பரிசோதிக்கப்பட்டது’ன்னு அச்சடிச்சிருக்குங்கய்யா.”

“அப்ப சரி.”

டாக்டரம்மா மகாராணியின் எட்டுக் காம்புகளையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மகாராணி மகாராஜா ஆனது. மலட்டு ஆண்களை ஒரே கூண்டில் அடைக்க வேண்டும் என்பது விதி. மகாராஜாவைச் சாமியாரோடு விட்டார்கள்.

மாசம் ஒன்று போனது. மேலதிகாரிகள் பார்வையிட வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கையில், மகாராஜா தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டு, ஒன்பது குட்டி ஈன்றது.

இயக்குநர் யோசித்துக் குறிப்பாணை எழுதினார்: ‘இரு மலட்டு ஆண்கள் வசிக்கும் கூண்டில் குட்டிகள் இருக்க இயலாது. எனவே இல்லை. இல்லாத குட்டிகளை உடனே அப்புறப்படுத்தவும்.’

“பால் குடிக்கிற குட்டிங்கய்யா.”

“இல்லாத குட்டிக்கு எதுக்குய்யா பால்?”

“சரிங்க. ஆனா இந்த ஆணுக்குப் பால் சுரந்துக்கிட்டே இருக்கே. வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?”

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் எதையும் பார்க்கல. பின்வாசல் திறந்திருக்கு.”

குட்டிகளோடு பின்வாசல் வழியாக வெளியேறிய மகாராணி பிழைத்தது. கூண்டுக்காரர் வீட்டு அடுப்படியில் ஒன்பதும் கொழுகொழுவென்று வளர்ந்தன. இடம் போதாமல், ஆளுக்கொன்று இனாமாகத் தரலாம் என்று கூடையோடு கிளம்பினார்.

“சான்றிதழ் இருக்கா?”

“இல்லீங்கம்மா. தாய் பெத்தது.”

“சும்மா பிறந்ததா? வேண்டாம்பா, நாலு பேர் வந்து போற வீடு.”

கதவு சாத்தப்பட்டது. அது என் வீட்டுக் கதவு. சாத்தியவள் என் மனைவி. தெரு முழுக்க நடந்துவிட்டு ஒன்பதோடும் திரும்பினார் மனிதர்.

நிலையத்தில் இப்போது வாரத்துக்கு மூன்று வெள்ளை முயல்களின் வயிற்றைத் திறக்கிறார்கள். சாமியார் இளைத்துத் துரும்பாகிவிட்டது. வெற்றி நூற்றுப்பத்தைத் தாண்டிவிட்டது. நிறுத்தச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. நம் தெருவில் ஒரு கிளை திறக்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கருமாற்று முயலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் எனக்கு எண்பத்தாறாம் இடம். எண்பத்தைந்தில் உங்கள் பெயரைப் பார்த்தேன். அதனால் இதைச் சொன்னது யார் என்று எங்கேயும் மூச்சு விடாதீர்கள். என் பெயரை அடித்துவிட்டு, அந்தப் பேனாவை மூடுவதற்குள் உங்கள் பெயரையும் அடித்துவிடுவார்கள்.