இல்லாத நாலு மூலைகள்

செவ்வகபுரி நாட்டில் வயல்களெல்லாம் ஒரே அளவில், நாலு பக்கமும் நேராக இருக்கும்; ஆள்கிறவர்களின் நியாயம்தான் கோணல். ஒருநாள் அந்நாட்டு மன்னர், ஒவ்வொரு வயலின் நடுவிலும் நெடுக்கே ஒரு பாதையும் குறுக்கே ஒரு பாதையும் போட ஆணையிட்டார். குடிகளின் குறை கேட்கத் தேரில் வருவாராம். தேர் பெரிது. ஆகவே பாதையின் அகலம் இருபத்துநான்கு கோல்.

மாராயியின் கேழ்வரகுக் கொல்லை அறுபது கோல் நீளம், நாற்பது கோல் அகலம். புருஷன் செத்த பிறகு அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. நெடுக்குப்பாதை அமைச்சர் வந்து, அறுபதை இருபத்துநான்கால் பெருக்கி, ஆயிரத்து நானூற்று நாற்பது சதுரக்கோல் அரசுக்கு என்றார். குறுக்குப்பாதை அமைச்சர் நாற்பதைப் பெருக்கித் தொள்ளாயிரத்து அறுபது என்றார். கூட்டினால் இரண்டாயிரத்து நானூறு. கொல்லையின் மொத்தப் பரப்பும் அதுவேதான்.

"பெண்ணே, உன் நிலம் முழுவதும் பாதைக்குப் போயிற்று. மீதம் ஒன்றுமில்லை," என்றார்கள்.

மாராயி கொல்லையைக் கைகாட்டினாள்.

"ஏஞ்சாமி, நாலு மூலையிலயும் கதிரு முத்தி நிக்குதே, கண்ணு தெரியலையா? நடுவுல ரெண்டு பாதையும் வெட்டிக்கிற எடத்த நீங்களும் எண்ணிக்கிட்டீங்க, அவரும் எண்ணிக்கிட்டாரு. அத ஒரு தடவ கழிங்க!"

"எவர் பங்கில் கழிப்பது? என் துறையின் மாட்சிமை என்னாவது?" என்று நெடுக்கு அமைச்சர் சீறினார்.

"என் துறை மட்டும் இளைத்ததோ?" என்றார் குறுக்கு அமைச்சர்.

வழக்கு மன்னரிடம் போயிற்று. அவர் கண்ணை மூடி வெகுநேரம் சிந்தித்தார்.

"அமைச்சர்கள் இருவர் கணக்கும் சரியே. எனவே அந்த நாலு மூலைகளும் இல்லை. இல்லாத நிலத்தை யாருக்கு அளித்தாலும் அரசுக்கு இழப்பில்லை. நம் மைத்துனருக்கு அளித்தோம்."

நாடு முழுவதும் இருந்த எல்லா மூலைகளும் அப்படியே போயின. கேட்க நாதியில்லை.

அறுவடைக்கு மைத்துனரின் ஆட்கள் மாராயியையே கூப்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் போனாள். தான் விதைத்ததைத் தானே அறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கூலி கேட்டாள்.

"இல்லாத நிலத்தில் செய்த வேலைக்கு ஏது கூலி?" என்றார் மைத்துனர். பின்னால் வண்டியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. மனிதனுக்குக் கூச்சமென்று ஒன்று வேண்டாமா?

அது மன்னரின் சபைக்குத் தேர்தல் நடக்கும் காலம். மைத்துனர்தான் வேட்பாளர். அறுப்புக்கு வந்தவர்களை ஆட்கள் அப்படியே பாதையில் போட்டிருந்த பந்தலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மைத்துனர் மேடையேறி முழங்கினார்.

"நிலமற்ற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நிலம் தருவேன்!"

பந்தல் அதிர்ந்தது. ஒரு காவலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாராயியிடம் வந்தான்.

"ஏம்மா, எல்லாரும் தட்டுறாங்க, நீ மட்டும் ஏன் கை தட்டாம நிக்கிற?"

"கையில அருவா இருக்குதுங்க," என்றாள் மாராயி, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.