மஞ்சள் அட்டைக்காரர்கள்

பாடுகிறவர்கள் ஓர் இனம். கேட்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் வாழ்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? பாடுகிறவரைக் கூட்டிவந்து கேட்கிறவர் முன்னால் நிறுத்துவதற்கென்றே பிறந்தவர்கள். நிறுத்துவார்களா என்பது வேறு விஷயம். நிறுத்துவது பற்றி ஆலோசிப்பார்கள்.

எங்கள் சஸ்காச்சுவான் மாகாணப் புல்வெளியில் ஊருக்கு ஓர் அரங்கம் உண்டு, அரங்கத்துக்கு ஒரு கமிட்டி உண்டு, கமிட்டியில் மற்ற எல்லாரும் நழுவிய பிறகு மாட்டிக்கொண்ட ஒருவர் உண்டு. எந்தக் கலைஞர் ஊருக்கு வரலாம் என்று முடிவு செய்பவர் அந்த மாட்டிக்கொண்டவர்தான். சம்பளம் கிடையாது. இப்படி ஒன்பது ஊர்களில் மாட்டிக்கொண்ட ஒன்பது பேர் கைகோத்து அமைத்துக்கொண்டதுதான் புல்வெளி மேடைக் கூட்டமைப்பு.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். மாநாடு முடிந்து பல நாள் கழித்தும் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்குகையில் கழுத்தில் பெயர் அட்டை தொங்கும். நிகழ்ச்சியில் கடைசி வரிசை ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் முன்னால் இருப்பவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டு எப்படி என்று கேட்டால் கூட்டம் எப்படி என்று பதில் வரும். ஒரு கையில் காப்பிக் கோப்பை இருப்பதால் மற்றக் கையால் தொடையில் தட்டித்தான் கைதட்டுவார்கள். டன்பெர்க் ஊர் அரங்கத்தை நடத்தும் லாயிட் ஃப்ரோஸ்டாட் தன் சொந்த மகள் கல்யாணத்தில், பாதிரியார் கேள்வி கேட்டு மணப்பெண் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "ஆரம்பம் நல்லாருக்கு, நடுவுல கொஞ்சம் இழுக்குது" என்றாராம். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனாலும் சாட்சி சொல்லத் தயார்.

கூட்டம் போடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள், ஏனென்றால் வட்டத்தில் யாரும் தலைமை இல்லை. வட்டத்தின் தலைமையில் கார்டன் ஸ்டெஃபானியுக் உட்காருவார். "இன்று உங்கள் மனசில் என்ன வானிலை?" என்று ஆளுக்கு ஆள் விசாரிப்பார். ஒருவர் லேசான தூறல் என்பார், இன்னொருவர் மேகம் கலைகிறது என்பார், எல்லாரும் வானிலை சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். பிறகு கூட்டமைப்பின் தொலைநோக்குத் திட்டத்தைத் தேடுவார்கள். போன வருடம் செய்தது யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் ஞாபகம் இராது. சரி, புதிதாக ஒன்று செய்வோம் என்று கலர்க் காகிதத்துண்டுகளைச் சுவரில் ஒட்ட ஆரம்பிப்பார்கள்.

கார்டன் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஊதிய எக்காளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர் என்பதால் எந்த அபசுரமும் அவரை அசைக்காது. அவரிடம் ஒரு வாக்கியம் உண்டு: "உங்க குரல் கேட்டாச்சு." அவர் அப்படிச் சொன்னால் அந்த விஷயத்துக்குக் குழி தோண்டி, மண் தள்ளி, மேலே புல்லும் முளைத்துவிட்டது என்று பொருள்.

இவர்களைத் திட்டவா உட்கார்ந்தேன்? இல்லை. பனி கொட்டும் நாளில் அரங்கத்துப் படியை மண்வாரியால் தள்ளிச் சுத்தம் செய்கிறவர்கள் இவர்கள்தான். கலைஞருக்குத் தங்கள் படுக்கையைக் கொடுத்துவிட்டு, சோபாவில் கால் நீட்ட முடியாமல் கிடப்பவர்களும் இவர்கள்தான். இவர்களுக்கு இருக்கும் நோய் ஒன்றே ஒன்று. அதன் அறிகுறி ஒரு வாக்கியம்:

"எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா எங்க ஊர்க்காரங்க..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். மிச்சத்தை உள்ளங்கை சொல்லும். இப்படி மெதுவாகக் காற்றில் சாயும். அந்த ஊர்க்காரர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? கேட்கக் கூடாது. கேட்டால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த நோய் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஓடெட் லாவலேயின் கதை போதும். கொஞ்சம் உப்பு சேர்த்திருப்பேன்; ருசிக்குத்தான்.

எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் தூரம். ஒரே ஒரு ஊருக்காக ஒரு கலைஞர் அத்தனை மைல் வண்டி ஓட்டி வர முடியாது. வழியில் ஐந்து ஊராவது சேர்ந்து, அடுத்தடுத்த சாயங்காலங்களில் கூப்பிட்டால்தான் கட்டுப்படியாகும். இந்த ஐந்தைச் சேர்ப்பதுதான் கூட்டமைப்பின் வேலை. அக்டோபரில் ஒரு ஓட்டலில் மாநாடு நடக்கும். கலைஞர்கள் ஆளுக்குக் கால் மணி நேரம் மேடையேறிக் காட்டுவார்கள். மறுநாள் வட்டம் கூடும். ஒவ்வொரு கலைஞர் பெயரும் சொல்லப்படும்போது ஒன்பது பேரும் அட்டையைத் தூக்க வேண்டும். பச்சை என்றால் எங்கள் ஊருக்கு வேண்டும். சிவப்பு என்றால் வேண்டாம். மஞ்சள் என்றால், மற்ற ஊர்கள் எடுத்தால் நாங்களும் எடுக்கிறோம்.

சிவப்பு அட்டையைக் கண்டு பல வருடமாயிற்று. லாயிட் ஒருமுறை ஒரு கோமாளிக்குச் சிவப்பு காட்டப் போய், அந்த மனிதர் மூக்கில் இருந்த சிவப்புப் பந்தைக் கழற்றாமலே வராந்தாவில் உட்கார்ந்து அழுததிலிருந்து, மனம் நோகும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். பச்சையோ ஆபத்தானது. முதலில் பச்சை தூக்கி, அந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் வராமல் போனால், வசந்தம் வரைக்கும் தபால் நிலையத்தில் தலைகாட்ட முடியாது. மிச்சம் இருப்பது மஞ்சள். மஞ்சள் யாரையும் நோகடிக்காது, யாரையும் மாட்டிவிடாது.

ஓடெட் ரம்பம் வாசிப்பவள். ஆமாம், மரம் அறுக்கும் அதே ரம்பம்தான். கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, நுனியை இடக்கையால் வளைத்து, ரம்பத்தின் பல்லில்லாத முதுகில் வயலின் வில்லைப் போட்டு இழுப்பாள். கூட்டமைப்பின் சட்டப்படி ஒரு கலைஞர் ஆயுசில் மூன்று தடவைதான் மாநாட்டு மேடையேறலாம். புதியவர்களுக்கு இடம் விட வேண்டுமே. ஓடெட் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் மஞ்சளோடு திரும்பியவள். இது மூன்றாவது. இதில் ஐந்து ஊர் சேராவிட்டால் ரம்பத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அத்தையின் தேன் பண்ணைக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். எல்லாருக்கும் அது தெரியும். ஓட்டல் வராந்தாவில் எது ரகசியம்?

வாசித்தாள். பனிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ நம்மைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஹாரோ க்ரீக் அரங்கத்தை நடத்தும் ஐரிஸ் டைக் கண்மை கன்னத்தில் இறங்க அழுதாள். லாயிட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். எக்காளத்துக்கே அசையாத கார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மறுநாள் காலை ஓடெட்டின் பெயர் சொல்லப்பட்டதும் அட்டைகள் எழுந்தன. ஒன்பது மஞ்சள்.

"இவ்வளவு ஆர்வத்தை நம்ம கூட்டமைப்புல நான் பார்த்ததே இல்ல" என்றார் கார்டன் நெகிழ்ந்துபோய். "யாராவது ஒரு பச்சை? ஒண்ணு இருந்தா மத்ததெல்லாம் ஒட்டிக்கும்."

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"நீங்க எடுத்தா நான் எடுப்பேன் லாயிட்" என்றாள் ஐரிஸ்.

"நீ எடுக்குறன்னு தெரிஞ்சா நான் இந்த நிமிஷமே எடுப்பேன்."

"அப்ப தூக்குங்களேன்."

"பெண்களுக்குத்தான் முதலிடம்."

"சரி, உங்க எல்லாரோட குரலும் கேட்டாச்சு" என்றார் கார்டன்.

முடிந்தது. அடுத்த பெயர், மூன்று தாடிக்காரர்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு, பழைய காதல் பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுகிறவர்கள். முந்தின நாள் அவர்கள் பாடியபோது வட்டத்தில் பாதிப் பேருக்குக் கழிப்பறை ஞாபகம் வந்தது. ஐரிஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் இப்போது பார்க்கிறேன், பச்சை பச்சையாக எழுகிறது, வயல் முளைவிட்ட மாதிரி. "எனக்குச் சகிக்கல. ஆனா எங்க ஊர்க்காரங்களுக்குப் பிடிக்கும்" என்று ஐரிஸ் என் காதில் சொன்னாள். அடுத்து வந்த பிப்ரவரியில் ஒன்பது ஊர்களிலும் அந்தத் தாடிகள்தான்.

வராந்தாவில் ஓடெட்டைச் சுற்றி ஆறுதல் சொல்லக் கூட்டம். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து, தனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லி, ஊர்க்காரர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு மாநாடா அந்த ஊர்க்காரங்களைப் பத்தியே கேக்குறேன். ஒருத்தரை எனக்குக் கண்ணுல காட்டுங்களேன்."

ஐரிஸ் அவள் தோளைத் தடவி, காகிதத் துவாலையில் ஒரு வெண்ணெய்ப் பலகாரம் வைத்துக் கொடுத்தாள்.

ஓடெட் கோட்டு மாட்டும் அறைக்குப் போய் ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அங்கேதான் கதை திரும்புகிறது. அதே ஓட்டலில், மடக்குக் கதவுக்கு அந்தப் பக்கக் கூடத்தில், அதே ஒன்பது ஊர்களின் தீயணைப்புத் தொண்டர்களுக்கு அன்று மதிய விருந்து. இவர்களும் ஒரு கூட்டமைப்புதான். ஓர் ஊரில் வைக்கோல் பற்றிக்கொண்டால் பக்கத்து ஊர் வண்டிகள் கிளம்பிவிடும். நீ போனால் நான் வருகிறேன் என்று அங்கே யாரும் அட்டை தூக்குவதில்லை. தூக்கினால் கொட்டகை மிஞ்சாது.

கோட்டுப் பையில் மறந்த மாத்திரையை எடுக்க வந்தார் வால்டர் டைக். ஹாரோ க்ரீக் தீயணைப்புத் தலைவர், ஐரிஸின் வீட்டுக்காரர். ரம்பத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, எதை அறுக்கப் போற?"

"ஊர்க்காரங்களை."

"எந்த ஊரு?"

"ஒன்பது ஊரும்."

"அப்ப நீ அலைய வேண்டாம், உள்ள வா. எல்லாரும் ஒரே எடத்துலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

உள்ளே போனாள். நாற்காலி போட்டார்கள். வாசித்தாள். எல்லாரும் உருகி வழிந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஓர் ஆள் தூங்கினார், இன்னொருவர் போல்கா நடனப் பாட்டு தெரியுமா என்று கேட்டு, அவள் வாசிக்க, மேசையைத் தட்டித் தாளம் போட்டார். ஆனால் முதல் பாட்டு முடிவதற்குள் மாட்டிறைச்சி மேல் ஊற்றிய குழம்பு ஆறி ஆடை கட்டிற்று. ஒரு முள்கரண்டிகூட அசையவில்லை. போன குளிர்காலத்தில் தம்பியைப் பறிகொடுத்த எமில் எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

"எங்க ஊருக்கு எப்ப வர்ற?" என்று கேட்டார் வால்டர்.

"கூப்பிட மாட்டாங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியாதாம்."

"எவன் சொன்னது?"

ஓடெட் வில்லால் கதவுப்பக்கம் காட்டினாள். மடக்குக் கதவு விலகியிருந்தது. சத்தம் கேட்டு வந்த கூட்டமைப்பு முழுவதும் அந்த இடுக்கில் நின்றுகொண்டிருந்தது, முன்னால் ஐரிஸ். கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஏன் ஐரிஸ், நமக்குப் புரியாதா?" என்றார் வால்டர்.

"உங்களைச் சொல்லலைங்க" என்றாள் ஐரிஸ். "நீங்கள்லாம் ஊர்க்காரங்க. நான் சொன்னது எங்க அரங்கத்து ரசிகர்களை."

"நாங்க எல்லாரும் இங்க இருக்கோமே. அப்ப உன் அரங்கத்துக்கு யாருதான் வர்றாங்க?"

ஐரிஸ் யோசித்தாள். நேர்மையான பெண். "கொஞ்சம் பேர்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது, விருந்தின் கடைசியில் தரும் பூசணி இனிப்பு மேசைக்கு வருவதற்குள் முடிந்தது. வால்டர், "ஹாரோ க்ரீக்" என்றார். எமில், "டன்பெர்க்" என்றார். இன்னும் மூன்று ஊர்க்காரர்கள் வாயில் சாப்பாட்டோடு கையைத் தூக்கினார்கள். எந்தச் சாலை எப்போது சேறாகும் என்று இரண்டு பேர் சண்டை போட்டு, எந்த ஊர் முதலில் என்ற வரிசையைத் தீர்த்தார்கள். அரங்கம் வேண்டாம், தீயணைப்பு நிலையத்திலேயே வைத்துக்கொள்வோம், வண்டிகளை வெளியே நிறுத்தினால் இடம் தாராளம். ஆனால் வெளியே நிற்கும் வண்டிகளின் தொட்டித் தண்ணீர் உறையக் கூடாது, அதனால் மே மாதம். சரியா என்று ஓடெட்டிடம் கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். ஐரிஸ் கொடுத்த வெண்ணெய்ப் பலகாரத்தை எடுத்து அப்போதுதான் கடித்தாள்.

மே மாதம் ஐந்து ஊரிலும் வாசித்தாள். ஹாரோ க்ரீக்கில் நடுவில் மணி அடித்து, பாதிக் கூட்டம் பூட்ஸை மாட்டிக்கொண்டு புல் தீயை அணைக்க ஓடி, கரி அப்பிய முகத்தோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னது. தேன் பண்ணை அத்தை வேறு ஆள் பார்த்துக்கொண்டாள்.

கூட்டமைப்பு என்ன செய்தது? திருந்தியது என்று நினைத்தீர்களானால் அது உங்கள் நல்ல மனசு. ஊர்க்காரர்கள் ஏன் அரங்கத்துக்கு வருவதில்லை என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதில் ஊர்க்காரர் ஒருவரையும் சேர்க்கலாமா என்ற யோசனைக்கு ஒன்பது மஞ்சள் விழுந்தன. ஐரிஸ் மட்டும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, தன் மஞ்சள் அட்டையை ஜன்னல் வழியே எறிந்தாளாம். அப்படித்தான் அவள் சொல்கிறாள். மறுநாள் கார்டன் அவளுக்குப் புதிதாக ஒன்று தபாலில் அனுப்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? இதைப் படித்துக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் உங்களுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தார். அண்ணியோ, அலுவலக நண்பரோ, மாடிவீட்டுக்காரரோ. அவரிடம் இதைக் கொடுக்கலாம் என்று நினைத்தீர்கள். உடனே, எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அவருக்கு இதெல்லாம் எங்கே பிடிக்கப்போகிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள்.

அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?